சாளை மீனுக்குக் கொம்பு முளைத்த ஞாயிற்றுக்கிழமை

தூத்துக்குடியில் தண்ணீர் பேசத் தொடங்கியது போன ஆவணி மாதத்தில். அதுவரை நம் ஊர்த் தண்ணீர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது. குழாயில் வரும், லாரியில் வரும், கேனில் வரும், ஐப்பசியில் பெருமழை பெய்தால் கூப்பிடாமலே வீட்டுக்குள் வரும். ஆனால் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைப் பேசவைத்த பெருமை நீர்வாக்குச் சித்தரையே சேரும்.

சித்தருக்கு நாற்பது வயதிருக்கும். நீல வேட்டி, நீலத் துண்டு, நெற்றியில் நீலமாக ஒரு சொட்டு. ஆள் சாதி மதம் பார்க்காதவர். ஏமாற வருகிறவர் கோயிலுக்குப் போகிறவரா, சர்ச்சுக்குப் போகிறவரா, பள்ளிவாசலுக்குப் போகிறவரா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெரியதாழையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஆத்தூரிலிருந்து வெற்றிலைக் கட்டோடு வந்தார்கள். வேதியியலில் பட்டம் வாங்கியவர்கள் வரிசையில் முன்னால் நின்றார்கள், படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்று நினைத்து.

வாக்குக் கேட்கும் முறை எளிது. சித்தரிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கும். மீன் ஏற்றுகிற அதே பெட்டிதான். ஆனால் மேலே நீலப் பட்டு போர்த்தியிருப்பதால் அதற்கு 'நீர்க்கருவறை' என்று பெயர். உள்ளே பொடி ஐஸ். ஐஸுக்குள் கடையில் விற்கும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். சித்தர் பாட்டிலை வெளியே எடுப்பார். தண்ணீர் தண்ணீராகவே தெளிவாக இருக்கும். பக்தர் அதைப் பார்த்துத் தன் வாக்கைச் சொல்ல வேண்டும். 'நான் பொய் சொல்லவில்லை', 'என் மகனுக்கு வேலை கிடைக்கும்', இப்படி ஏதாவது. சித்தர் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக் கல்லில் மூன்று தட்டுத் தட்டுவார். சொன்னது சத்தியம் என்றால் அந்த நிமிடமே தண்ணீர் வெள்ளையாகப் பூத்து, மேலிருந்து கீழ்வரை உறைந்து நிற்கும். பொய் என்றால் உறையாது. வாக்குக் கேட்க ஐந்நூறு ரூபாய். கேட்ட வாக்குப் பலிக்காவிட்டால் பக்தரின் மனத்தில் அழுக்கு என்று அர்த்தம். அழுக்குப் போக்க இன்னொரு ஐந்நூறு.

கண்ணால் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? நானும்தான் பார்த்தேன். தண்ணீர் உறைந்தது உறைந்ததுதான், அதில் கைவித்தை ஒன்றுமில்லை. இதைச் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நான் சித்தர்மேல் வீண்பழி போடுகிறேன் என்பீர்கள்.

சித்தர் ஊருக்குள் வருவதே ஒரு காட்சி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரின் பின்சீட்டில் இருப்பார். கார் நடக்கும். ஓடாது, நடக்கும். "நீர் துயில்கிறது, குலுக்கக் கூடாது" என்பது உத்தரவு. துறைமுகச் சாலையில் அவர் வந்த அன்று அவருக்குப் பின்னால் கண்டெய்னர் லாரிகள் இரண்டு கிலோமீட்டருக்கு நின்றன. அவர் போகிற தெருவில் இருந்த குழிகளை ஊர்க்காரர்களே செம்மண் போட்டு நிரப்பினார்கள். பத்து வருடம் மனுக் கொடுத்தும் மூடப்படாத குழிகள். சித்தர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இனி வீரபாகு அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகச் சாலையில் அவருக்கு ஓர் ஐஸ் கம்பெனி, அதை ஒட்டி இறால் உரிக்கிற கொட்டகை. இருபத்தாறு வருடமாகத் தண்ணீரை உறையவைத்து விற்பதுதான் அவர் பிழைப்பு. ஒரு நாளைக்கு நானூறு ஐஸ் பார் போடுகிறவர். அப்படிப்பட்ட மனிதர், அரை லிட்டர் தண்ணீர் உறைந்ததைப் பார்த்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். அல்வாக் கடைக்காரர் அல்வாவைப் பார்த்து மயங்கி விழுந்த மாதிரி.

அந்த அண்ணாச்சியின் வீட்டம்மா தங்கத்தாயின் ஏழு பவுன் சங்கிலி ஒரு திங்கட்கிழமை காணாமல் போனது. அன்று காலை அவர் இறால் கொட்டகைக்கு வந்து போயிருந்தார். ஆகவே கொட்டகையில் இறால் உரிக்கும் ஒன்பது பெண்களில் ஒருத்திதான் திருடி என்று முடிவாயிற்று. போலீசுக்குப் போகலாம் என்றார் ஒருவர். அண்ணாச்சிக்கு அதில் விருப்பமில்லை. போலீஸ்காரர்கள் கேள்வி கேட்பார்கள், சித்தர் பதில் மட்டும்தான் சொல்வார்.

வியாழக்கிழமை காலை சித்தரின் கார் ஐஸ் கம்பெனி வாசலுக்கு நடந்து வந்து சேர்ந்தது. ஒன்பது பெண்களும் வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒருத்தி பேச்சிச்செல்வி. முப்பத்திரண்டு வயது, அந்தக் கொட்டகையில் ஒன்பது வருடம். கணவன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் வேலை, திரும்பி வர இன்னும் ஒரு மாதம் ஆகும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள்.

"சாமி, ஒரு சந்தேகம்" என்றாள் பேச்சிச்செல்வி. "தண்ணிக்குத் தமிழ் தெரியுமா? இல்ல, எங்க வீட்டுக்காரரு மாலத்தீவு பாஷையும் பேசுவாரு. அவரு வந்து கேட்டா அதுக்கு வெளங்குமா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சித்தர் சிரிக்கவில்லை. அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வை எதற்கு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

எட்டுப் பெண்கள் "நான் எடுக்கல" என்றார்கள். எட்டுப் பாட்டிலும் உறைந்தது. எட்டும் நீல மூடி போட்டவை. ஒன்பதாவதாகப் பேச்சிச்செல்விக்கு வந்தது வெள்ளை மூடி. "நான் எடுக்கல" என்றாள். சித்தர் மூன்று தட்டுத் தட்டினார். தண்ணீர் தண்ணீராகவே ஆடியது. இன்னும் மூன்று தட்டினார். மாற்றமில்லை. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது, திருடி கிடைத்துவிட்ட நிம்மதியில்.

"அந்த நீரை உன் தலையிலேயே ஊற்றிக்கொள். பாவம் குறையும்" என்றார் சித்தர்.

பேச்சிச்செல்வி மூடியைத் திருகினாள். புதுப் பாட்டில் திறக்கும்போது வருகிற 'கிறுக்' சத்தம் வரவில்லை. ஊற்றினாள். நெற்றியில் வழிந்து உதட்டில் பட்டது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணி உப்புக் கரிக்கி" என்றாள்.

"அது பாவத்தின் சுவை, அம்மா."

"கண்ணீரா இருக்கும்ளா" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி, இரக்கத்தோடு.

"கண்ணீரு இப்படிப் பல்லு கூசுத அளவுக்குக் குளுருமாக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குள் சங்கிலி வர வேண்டும், இல்லாவிட்டால் சித்தர் மறுபடி வந்து ஊர் கூடியிருக்கும்போது அவள் பெயரை மைக்கில் சொல்வதாக அண்ணாச்சி அறிவித்தார். மைக்குகூடப் பெரிதில்லை. இறால் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் 'திருடி' என்று ஒருத்தியின் போட்டோ ஏறிவிட்டால் இந்தக் கடற்கரையில் எந்தக் கொட்டகையும் அவளைப் படியேற்றாது. பேச்சிச்செல்விக்கு இறால் உரிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுத கண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புத்தான், ஆனால் லேசான உப்பு. பாட்டில் தண்ணீர் உப்பளத் தண்ணீர் மாதிரிக் கரித்தது. அழுகையை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐஸ் கம்பெனிக்குப் போய் இன்பமணியைப் பார்த்தாள். இன்பமணி அங்கே ஆபரேட்டர், நாசரேத்துக்காரர், ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

ஐஸ் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். அதைச் சுழியத்துக்கும் கீழே எட்டு, பத்து டிகிரி வரை குளிரவைப்பார்கள். உப்பு இருப்பதால் அது உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய தகரக் கேன்களை இறக்கினால், கேன் தண்ணீர் உறைந்து ஐஸ் பார் ஆகிவிடும். அந்தக் கம்பெனியில் வாட்ச்மேனுக்குக்கூட இது தெரியும்.

"உப்புக் கரிச்சிதா?" என்றார் இன்பமணி.

"ஆமாண்ணே. மூடியும் சத்தமில்லாமத் தொறந்துது. எல்லாத்துக்கும் நீல மூடி, எனக்கு மட்டும் வெள்ள மூடி."

"வெள்ள மூடி சரி. நீல மூடி எப்படி ஒடனே உறையுது? அதப் பாத்துருவோம்."

ஒரு டஜன் பாட்டில் வாங்கிவந்து உப்புத் தொட்டியின் ஓரத்தில் ஆடாமல் அசையாமல் இறக்கினார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். முதல் பாட்டில் எடுக்கும்போதே உறைந்துவிட்டது. இரண்டாவது, இன்பமணி தும்மியதில் கை ஆடி உறைந்தது. மூன்றாவது பாட்டிலைப் பேச்சிச்செல்வி பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல மெதுவாகத் தூக்கினாள். தண்ணீர் தெளிவாக நின்றது. தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். வெள்ளையாகப் பூத்து, கண் முன்னால் உறைந்தது. அவள் எந்த வாக்கும் சொல்லியிருக்கவில்லை.

"சுத்தமான தண்ணிக்கு உறைய ஆரம்பிக்க ஒரு பிடிமானம் வேணும்ளா" என்றார் இன்பமணி. அன்றைய இருபது வார்த்தையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். "தூசி, ஐஸ் துணுக்கு, இல்லன்னா ஒரு அதிர்ச்சி. ஒண்ணுமே கிடைக்கலன்னா சுழியத்துக்குக் கீழ போனாலும் தண்ணியாவே நிக்கும். ஒரு தட்டு தட்டுனா உறைஞ்சிரும். அதான் அந்த ஆளு கார உருட்டிக்கிட்டு வாராரு. வழியில குலுங்குச்சின்னா எல்லாம் அங்கனயே உறைஞ்சி போவும்."

"அவரு பெட்டியில ஐஸுதான இருக்கு. உங்க தொட்டி அளவுக்குக் குளுருமா?"

"பொடி ஐஸுல உப்பக் கலந்தா குளுரும். தூத்துக்குடியில உப்புக்கா பஞ்சம்?"

பேச்சிச்செல்விக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் அதிகம். ஒரு கைப்பிடி உப்பு அவளைத் திருடியாக்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் கம்பெனி முற்றத்தில் பந்தல். திருச்செந்தூர் போகிற கூட்டத்தில் பாதி இங்கே இறங்கிவிட்டது. சுண்டல் விற்றார்கள், பலூன் விற்றார்கள், 'நீர்வாக்கு' என்று அச்சடித்த சாவிக்கொத்து விற்றார்கள். சித்தர் மேடையில், பெட்டி அவர் முன்னால். அண்ணாச்சி கையில் மைக், பக்கத்தில் தங்கத்தாய். தங்கத்தாய் மட்டும் ஏனோ தலையை நிமிர்த்தவில்லை.

"சங்கிலி கொண்டாந்தியா?" என்றார் அண்ணாச்சி.

"எடுக்கலண்ணாச்சி, எங்கன இருந்து கொண்டார? இன்னொரு தடவ தண்ணிகிட்ட கேக்கணும். இந்தத் தடவ நானே தட்டுதேன்."

சொல்லிக்கொண்டே மேடையேறிப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு நீல மூடிப் பாட்டிலை மெதுவாக எடுத்துவிட்டாள். சித்தர் எழுந்தார். இடையில் இன்பமணி நின்றார். அவர் கையில் ஐஸ் பார் இழுக்கிற கொக்கி இருந்தது. யாரையும் மிரட்டுவதற்கு இல்லை, அது எப்போதும் அவர் கையில் இருப்பதுதான். சித்தர் உட்கார்ந்தார்.

பேச்சிச்செல்வி மைக்கை வாங்கிக்கொண்டாள். "தண்ணியே, சாளை மீனுக்குத் தலையில ரெண்டு கொம்பு உண்டு. நான் சொல்லுதது சத்தியம்னா உறைஞ்சிரு."

தட்டினாள். உறைந்தது.

கூட்டம் வாயைப் பிளந்தது. முன்வரிசையில் இருந்த பிச்சையா, முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர், யோசித்துவிட்டுச் சொன்னார்: "இருக்கும். ஆழத்துச் சாளைக்கு இருக்கும். நாம பாத்ததெல்லாம் கரைச் சாளை."

இரண்டாவது பாட்டில். "வீரபாகு அண்ணாச்சிக்கு வாலு உண்டு. சத்தியம்னா உறைஞ்சிரு."

உறைந்தது. அண்ணாச்சியின் கை அவரை அறியாமல் பின்பக்கம் போனது. தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லாரும் பார்ப்பதைக் கண்டு, வேட்டியைச் சரிசெய்வது போலச் செய்தார்.

மூன்றாவது பாட்டில். "இங்கன உக்காந்திருக்க சித்தரு ஒரு பிராடு. சத்தியம்னா உறைஞ்சிரு."

மற்ற இரண்டையும்விட இது வேகமாக உறைந்ததாகச் சிலர் இன்றும் சொல்கிறார்கள்.

பந்தலில் பெரிய குழப்பம். தண்ணீர் சொல்வது சத்தியம் என்றால் சித்தர் பிராடு. தண்ணீர் பொய் சொல்கிறது என்றாலும் சித்தர் பிராடு. வேதியியல் பட்டதாரி ஒருவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவருக்கும் அதே விடைதான் வந்தது.

"தீட்டுக் கையால் தொட்டுவிட்டாய். நீர் குழம்பிவிட்டது" என்று எழுந்தார் சித்தர்.

"அப்ப நல்ல கையால தொடட்டும்" என்று பேச்சிச்செல்வி, பெட்டியின் மூலையில் தனியாக இருந்த வெள்ளை மூடிப் பாட்டிலை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தாள். அவளுக்காகவே தயாராகி வந்த பாட்டில் அது. "அண்ணாச்சி, 'எம் பேரு வீரபாகு'ன்னு சொல்லித் தட்டுங்க."

"எம் பேரு வீரபாகு" என்றார் அண்ணாச்சி. தட்டினார். உறையவில்லை. இன்னும் பலமாகச் சொல்லித் தட்டினார். உறையவில்லை. அவருக்கு வியர்த்துவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஏளா, நான் வீரபாகுதான?"

"தொறந்து குடிச்சிப் பாருங்க" என்றாள் பேச்சிச்செல்வி.

குடித்தார். முகம் கோணியது. அண்ணாச்சிக்கு அந்தச் சுவை புதிதில்லை. தினமும் அவர் தொட்டியில் இருப்பதுதான்.

"நம்ம தொட்டித் தண்ணி இருபத்தாறு வருசமா உறையலியே அண்ணாச்சி" என்றார் இன்பமணி. "அது எத்தன சங்கிலி களவாண்டிருக்கும்?"

சித்தருக்கு அதற்குமேல் நிற்க நேரமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். துயிலும் நீரைக் குலுக்கக் கூடாது என்பது மறந்துபோயிற்று. பந்தல் கயிறு தடுக்கி விழுந்தார். பெட்டி உருண்டு, மிச்சமிருந்த நீல மூடிப் பாட்டில்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் உறைந்தன. யாரும் எதுவும் கேட்காமலே.

பிடித்து உட்காரவைத்து விசாரித்ததில் சொந்தப் பெயர் சுடலைக்கண்ணன் என்றும், முன்பு கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்ததாகவும் சொன்னார். "ஃப்ரிட்ஜில வச்ச பாட்டிலு ஒருநா எடுக்கும்போது தன்னால உறைஞ்சிட்டு. எனக்கே பயமாப் போயி நானும் கும்பிட்டேன். அதப் பாத்துப் பக்கத்துக் கடைக்காரரு கும்பிட்டாரு. பொறவு கூட்டம் வந்துட்டு. வந்த கூட்டத்த நான் என்ன செய்யட்டும்?" என்றார். போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. கார் இந்த முறை வேகமாகப் போனது.

அண்ணாச்சி மைக்கைத் தட்டினார். "பேச்சிச்செல்வி எடுக்கல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. சங்கிலி யாரு எடுத்தாவன்னு இனி போலீசு பாத்துக்கிடட்டும்."

"போலீசு வேண்டாம்" என்றார் தங்கத்தாய். அந்தக் காலை முழுவதும் அவர் பேசிய முதல் வார்த்தை அது. சேலைத் தலைப்பை விலக்கினார். கழுத்தில் சங்கிலி மின்னியது. "வெள்ளிக்கிழமையே கிடைச்சிட்டு. பீரோல பழைய பட்டுச்சேலை மடிப்புக்குள்ள கிடந்துச்சு. நாந்தான் வச்சிட்டு மறந்துட்டேன்."

"பொறவு ஏன்ளா வாயத் தொறக்கல?" என்றார் அண்ணாச்சி.

"வியாழக்கிழமை சாமி திருடி இவதான்னு சொல்லிட்டாவ. வெள்ளிக்கிழமை சங்கிலி வீட்டுல கிடக்குன்னு சொன்னா சாமி வாக்குப் பொய்யாப் போவும்லா. தெய்வக் குத்தமாயிரும்னு பயந்துட்டேன்."

பேச்சிச்செல்வி தங்கத்தாயின் முன்னால் போய் நின்றாள். "அவன் என்னையத் திருடின்னு சொன்னான். அது அவன் பொழப்பு. நீங்க சங்கிலியக் கழுத்துல போட்டுக்கிட்டே என்னையத் திருடின்னு நம்புனியளேம்மா" என்றாள். தங்கத்தாய் அழுதார். பேச்சிச்செல்வி சமாதானம் சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் திரும்பி, "மைக்குல சொன்னது போதாது. அந்த வாட்ஸ்அப் குழுவுல போடுங்க. எம் பேரு, என் போட்டோ, நான் எடுக்கலங்கிறது. நான் இங்கனயே நிக்கேன்" என்றாள். அண்ணாச்சி கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பும்வரை அங்கேயே நின்றாள். திங்கட்கிழமை வழக்கம்போல எட்டு மணிக்கு வேலைக்கு வந்தாள்.

எனக்குச் சுடலைக்கண்ணன்மேல் பெரிய கோபமில்லை. அவன் தண்ணீரைத்தான் தட்டினான். தட்டத் தட்ட உறைந்துபோனது ஊர். ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே, அடுத்த முறை வீட்டில் ஏதாவது காணாமல் போனால் சித்தரைத் தேடி வேன் பிடிக்காதீர்கள். முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள். அங்கே இல்லை என்றால் மண்டையைத் திறந்து பாருங்கள். பல பேருக்குக் காணாமல் போனதே அங்கேயிருந்துதான்.